முதுகில் அப்பாவின் பெயர்

திரும்பிப் பார்க்கக் கூடாது. இடைவேளை முடிந்ததிலிருந்து இந்த ஒரு விரதத்தைப் பிடித்துக்கொண்டு கோட்டோரம் நிற்கிறேன். பந்தைப் பார், ஐங்கரா. யோஸ்ட் எங்கே நிற்கிறான் என்று பார். கடலணைக்கு மேலே கடற்காகம் போனால் அதையும் பார், ஆட்சேபனை இல்லை. முதுகுக்குப் பின்னால் இருக்கிற பார்வையாளர் படிகளை மட்டும் பார்க்காதே. முதல் பாதியில் ஒரே ஒரு தரம் பார்த்தேன். அம்மா நடு வரிசையில், அப்பாவின் நீலக் குளிர்ச்சட்டைக்குள் பாதி காணாமல் போய், மடியில் றோல்ஸ் பலகாரப் பெட்டியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு இருந்தார். அவ்வளவுதான். பார்த்துவிட்டுத் திரும்புவதற்குள் பந்து வலைக்குள். எங்கள் வலைக்குள். நான் பயிற்றுநர் டிப்ளோமா வாங்கியவன். உடலியக்கம், வியூகம், புள்ளிவிவரம் என்று கண்ணாடி போட்ட பேராசிரியர்களிடம் பரீட்சை எழுதித் தேறியவன். அம்மாவைப் பார்த்ததால்தான் கோல் விழுந்தது என்று நான் நம்புவேனா? நம்பவில்லை. நம்பவில்லைதான், ஆனாலும் திரும்பிப் பார்க்க மாட்டேன். ஏனென்றால் பிறகு என் சப்பாத்து நுனியையே பார்த்துக்கொண்டு நின்றபோது எங்கள் பையன்களும் ஒன்று போட்டார்கள். ஒன்றுக்கு ஒன்று. இப்படியே முடிந்தால் போதும், பிள்ளையாரே, என் பெயரையே வைத்துக்கொண்டிருக்கிறவரே, டென் ஹெல்டர் கோயிலுக்கு வந்து உமக்கு ஒரு தேங்காய் உடைக்கிறேன். போன முறை நேர்ந்த தேங்காயும் பாக்கி இருக்கிறது, இரண்டையும் சேர்த்து உடைக்கிறேன், கோபிக்காதேயும்.

சமநிலையில் முடிந்தால் ஓஸ்டர்ஹாவன் கால்பந்துக் கழகம் இந்தப் பிரிவிலேயே தங்கும், நானும் வேலையில் தங்குவேன். தோற்றால் கழகம் கீழ்ப் பிரிவுக்கு இறங்கும், நான் வீட்டுக்குப் போக வேண்டும். இதில் ஊகிக்க ஒன்றுமில்லை, கழகத் தலைவி மாரெய்கே முகத்துக்கு நேரே சொல்லிவிட்டாள். இந்த ஊர்க்காரருக்குச் சுற்றி வளைக்கத் தெரியாது. கோப்பி ஊற்றினாள், பிஸ்கட் டின்னைத் திறந்து என்னை ஒன்று எடுக்க விட்டாள், டின்னை மூடினாள், "சிவா, தோற்றால் அடுத்த பருவத்துக்கு வேறு ஆள் பார்ப்போம். உன்னை எனக்குப் பிடிக்கும், அது வேறு விஷயம்" என்றாள். நானும் சரி என்றேன். எங்கள் ஆட்களாக இருந்தால் இதைச் சொல்ல மாதக்கணக்கில் இழுத்திருப்பார்கள், அதற்குள் நானும் அந்த வீட்டில் வயிறு நிறைய வடை சாப்பிட்டிருப்பேன். அந்த ஒற்றை பிஸ்கட்டைக் கடிக்கும்போது எனக்கு உண்மையிலேயே பயம் வந்தது. இது போனால் திரும்பவும் அந்த முக்காலி. முழங்கால் போய் ஆட்டத்தை விட்ட பிறகு விளையாட்டுச் சப்பாத்துக் கடையில் ஒரு முக்காலியில் குந்தியிருந்து, வருகிறவர்களின் பெருவிரலை அமுக்கி அமுக்கி, இடம் காணுமா, இறுக்குதா என்று கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு காலத்தில் என் ஆட்டத்துக்கு விசிலடித்த ஒருவர் கூட வந்தார். காலைக் கொடுத்தார், என் முகத்தைப் பார்க்கவில்லை. எல்லாரும் சப்பாத்தைத்தான் பார்ப்பார்கள். சரி, இப்போது எதற்கு அது, பந்து எங்கே? பந்து வாய்க்காலில். காற்று அப்படி. கடலணையைத் தாண்டி வருகிற காற்று இந்த மைதானத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் ஊருக்குள் போகும். மாற்றுப் பந்துகளை அது எப்போதோ வயலுக்குள் உருட்டிக்கொண்டு போய்விட்டது, இருப்பது இந்த ஒன்றுதான். நீண்ட கம்பில் வலை கட்டிக்கொண்டு எங்கள் கெர்ரிட் ஓடுகிறார். எழுபது தாண்டிய மனிதர், எனக்கு உதவியாளர், சட்டை தோய்ப்பவர், வாய்க்காலில் பந்து பிடிப்பவர், எல்லாம் அவரே. மெதுவாகப் போங்கள் கெர்ரிட், நேரம் கரையட்டும், நமக்கு நல்லதுதானே என்று கண்ணைக் காட்டுகிறேன். அவருக்கா விளங்கும்? மீன் பிடிக்கிறவர் மாதிரி ஒரே வீச்சில் பந்தை அள்ளி எதிரணிக்காரன் கையில் கொடுத்து, "இந்தா" என்று முதுகில் தட்டியும் விடுகிறார். இவ்வளவு நேர்மை ஒரு மனிதனுக்கு ஆகாது.

சிவா! யாரோ படிகளிலிருந்து கத்துகிறார்கள். சிவா, இடது பக்கத்தை அடை! திரும்பவில்லை, கையை மட்டும் பின்னால் ஆட்டுகிறேன். சிவா என்பது நானில்லை என்று இந்த நாட்டுக்கு எப்போதோ சொல்லியிருக்க வேண்டும். நான் ஐங்கரன். சிவபாதசுந்தரம் அப்பா. எங்களுக்கு ஏது குடும்பப் பெயர், அகதியாகப் பதிந்தபோது அந்தக் கட்டத்துக்குள் அப்பாவின் பெயரைப் போட்டார்கள், அதுவே என் முதுகிலும் ஏறிக்கொண்டது. பத்தொன்பது வயதில் முதல் ஒப்பந்தம், இரண்டாம் பிரிவுக் கழகம், இடது பின்வரிசை. சட்டையில் அச்சடிக்கிறவர் அந்தப் பெயரை ஒரு தோளில் தொடங்கி வானவில் போல வளைத்துக் கொண்டுபோயும் கடைசி எழுத்து அக்குளுக்குள் போய்விட்டது. நான் கையைத் தூக்கினால்தான் பெயர் முழுசாகத் தெரியும். ரசிகர்கள் அவ்வளவு தூரம் போய்ப் படிக்கவில்லை, முதல் துண்டோடு நிறுத்திக்கொண்டார்கள். பந்து என் காலுக்கு வந்ததும் மைதானம் முழுக்க சிவா, சிவா என்று கிளம்பும். அப்பா உடனே எழுந்து நின்று கையை உயர்த்துவார். கூப்பிட்டால் ஏன் என்று கேட்பதுதானே மரியாதை என்பது அவர் கட்சி. முதலில் அவருக்குப் பின்னால் இருந்த பார்வையாளர்கள் உட்காரச் சொல்லிக் கத்தினார்கள். பிறகு அவர்களுக்கும் அது பிடித்துப்போய், நான் பந்தைத் தொடாத நேரத்தில் கூட அவரை எழுப்புவதற்கென்றே சிவா என்று கத்துவார்கள், அவரும் சளைக்காமல் எழும்புவார். துலிப் பூக்கிழங்குக் கொட்டகையில் வாரம் முழுக்க நின்று வேலை செய்கிற மனிதர் ஞாயிற்றுக்கிழமையும் நின்றபடியே ஆட்டம் பார்த்து முடிப்பார். யாழ்ப்பாணத்தில் கந்தோரில் கிளாக்கராக இருந்தவர். இங்கே வந்து இறங்கியதும், கந்தோர், கக்கூஸ் இரண்டும் இவர்களுடைய டச்சு பாஷைச் சொற்கள்தான் என்று கண்டுபிடித்து, பாதி மொழி தெரிந்துவிட்டது என்று அம்மாவிடம் பெருமை அடித்தாராம். முதல் நாளே ஒரு பெரிய அதிகாரியிடம் அந்த இரண்டாவது சொல்லைப் பயன்படுத்தி வழி கேட்டிருக்கிறார். இவர்களிடம் அது இப்போது கெட்ட வார்த்தை. அதிகாரி சிரித்துச் சிரித்துக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினாராம்.

யோஸ்ட், ஏறாதே! ஏறாதேடா! கேட்கிறானா பார். என் குரலும் இடைவேளைக்கு முன்பே போய்விட்டது, இப்போது வருவது வெறும் காற்றுத்தான். யோஸ்டுக்கு மஞ்சள் அட்டை இருக்கிறது. இன்னொன்று விழுந்தால் வெளியே. எதிரணி வலதுபக்கத்தான் இளசு, கால் நல்ல வேகம், யோஸ்டை இரண்டு தரம் தாண்டிவிட்டான். "அவனை எடுத்துவிடு" என்று கெர்ரிட் ஓரத்து வாங்கில் உட்கார்ந்தபடி சொல்கிறார். எடுக்கலாம். மாற்று ஆள் சூடேறித் தயாராக நிற்கிறான். எடுக்கத்தான் வேண்டும், டிப்ளோமாவும் அதைத்தான் சொல்லும். ஆனால் யோஸ்ட் இடது பின்வரிசை. இடது பின்வரிசை ஆட்டக்காரனை வெளியே எடுக்கும்போதெல்லாம் யாரோ என்னையே எடுப்பதுபோல இருக்கிறது, என்ன செய்ய. கோப்பை ஆட்டத்தில் ஒருமுறை அந்தப் பெரிய மைதானத்தில் ஆடினேன். எனக்கு எதிரே வந்தவன் அந்த நாளில் நாடே கொண்டாடிய ஆள். இடைவேளை வரைக்கும் அவனை அசைய விடவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டு, "உன் முதுகில் எழுதியிருப்பது பெயரா, வாக்கியமா?" என்று கேட்டான். இடைவேளையில் எங்கள் பயிற்றுநர் என்னை எடுத்துவிட்டார். மஞ்சள் அட்டை இருக்கிறது, ஆபத்து என்றார். அடுத்த பாதியில் அவன் மூன்று கோல் போட்டான். அப்பா அன்றைக்கு இரண்டாம் பாதி முழுக்க உட்கார்ந்தே இருந்தாராம், யாரும் அவரைக் கூப்பிடவில்லை. அந்த வருஷக் கடைசியில் முழங்கால். ஆகவே யோஸ்ட் நிற்கட்டும். இது பயிற்றுநரின் முடிவா, பழைய காயமா என்று கெர்ரிட் பார்வையாலேயே கேட்கிறார். நிற்கட்டும் என்கிறேன். எடுத்துவிடலாமோ? நிற்கட்டும்.

முதுகுக்குப் பின்னால் அம்மாவின் சத்தமே இல்லை. போய்விட்டாரோ? திரும்பாதே. போயிருந்தாலும் அதிசயமில்லை. என் முதல் ஆட்டத்துக்கு அப்பாவோடு வந்தார், கூட்டம் சிவா சிவா என்று தொடங்கியதும் காதைப் பொத்திக்கொண்டு, இடைவேளைக்கு முன்பே தனியாக பஸ் ஏறி வீட்டுக்குப் போய்விட்டார். "ஆட்டுக்குட்டியைக் கூப்பிடுற மாதிரி அவரின்ர பேரைச் சொல்லிக் கத்துறாங்கள். அதுவும் பாதியில வெட்டி." அதன் பிறகு ஆட்டம் என்றால் அம்மாவுக்குக் குசினிதான். நான் ஆடிய காலம் முழுக்க ஞாயிறு மத்தியானங்களில் எங்கள் வீட்டில் ஏதோ ஒன்று எண்ணெயில் பொரிந்துகொண்டிருக்கும். அம்மா அந்தப் பெயரை ஒருநாளும் வாயால் சொன்னதில்லை. கட்டினவரின் பெயரைச் சொன்னால் அவருக்கு ஆயுள் குறையும் என்று பயம் காட்டி வளர்த்திருந்தார்கள். அப்பாவை எப்போதும் இஞ்சருங்கோ, அதாவது இங்கே பாருங்கள் என்றுதான் கூப்பிடுவார். இஞ்சருங்கோ, தேத்தண்ணி. இஞ்சருங்கோ, பஸ் வருது. அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு ஒரு குடித்தனத்தையே நடத்தினார். அந்தப் பிடிவாதத்தில் இந்த நாடே எங்களுக்குக் கிடைக்காமல் போகப் பார்த்தது. வந்து இறங்கிய புதிதில் விசாரணை, எனக்கு நாலு வயது, அம்மாவின் மடியில். அப்பாவைப் பக்கத்து அறையில் வேறாக வைத்து விசாரிக்கிறார்கள். கணவர் பெயர் என்ன என்று அதிகாரி கேட்க, மொழிபெயர்க்க வந்த அண்ணை தமிழில் கேட்க, அம்மா வெட்கப்பட்டுச் சிரித்தாராம். "அவரையே கேளுங்கோ, பக்கத்து அறையிலதானே இருக்கிறார்." அதிகாரியின் முகம் மாறியது. புருஷன் பெயர் தெரியாத பெண்சாதி, அப்படியென்றால் இது கலியாணமே இல்லை, எல்லாம் பொய். "அக்கா, பேரைச் சொல்லுங்கோ. சொல்லாட்டி திருப்பி அனுப்பிப் போடுவினம்." "அனுப்பட்டும்." அனுப்பட்டுமாம்! குண்டு விழுகிற ஊருக்கு! கடைசியில் அம்மா என் தொடையில் ஒரு கிள்ளுக் கிள்ளினார், நான் வீரிட்டுக்கொண்டே சிவபாதசுந்தரம் என்று முழுசாகச் சொன்னேன். அதிகாரி எழுதி முடிக்கக் கொஞ்ச நேரம் பிடித்ததாம். அப்பா இந்தக் கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார், உன்ர கொம்மா என்னை உயிரோட வைச்சிருக்க வேணும் எண்டதுக்காக நாட்டையே விடப் பார்த்தவ என்பார். அவர் போய் மூன்று மாரி முடிந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் கடைசி நாள் கூட, தாதி பெயர் கேட்டதற்கு அம்மா கட்டிலில் தொங்கிய அட்டையைத்தான் காட்டினார்.

நேற்று திடீரென்று போன். "நாளைக்கு எத்தினை மணிக்கு உங்கட மாட்ச்?" ஏன் அம்மா என்றேன். "வரப்போறன்." கூச்சல் தாங்க மாட்டீங்கள், குளிர் வேற, வீட்டில இருங்கோ என்றேன். "இல்லையடா. அவர் இருந்தவரைக்கும் அவர் வந்தவர். இப்ப எங்கட பக்கத்தில இருந்து ஒருத்தரும் இல்லாமல் நீ தனிய நிக்கிறாய். நாளைக்கு வேலை போற மாட்ச் எண்டு மருமகள் சொன்னாள். நல்லதோ கெட்டதோ, வீட்டு ஆக்கள் ஒராள் நிக்கோணும்." கலியாண வீட்டுக்கு வருவதுபோல வந்து இறங்கினார். பெட்டி நிறைய ஆட்டிறைச்சி றோல்ஸ். மாரெய்கே தான் இங்கே பொரித்து விற்கிற குரோக்கெட்டுக்குப் போட்டியாக யாரோ வந்துவிட்டார்கள் என்று ஒரு கண்ணால் பார்த்தாள். போயிருக்க மாட்டார். இருக்கிறார். றோல்ஸ் வாசம் வருகிறதா என்று மூக்கை உறிஞ்சுகிறேன். கடல் உப்பும் ஈரப் புல்லும்தான் வருகிறது. திரும்பவில்லை, பிள்ளையாரே, கவனித்தீரா?

யோஸ்ட்! ஐயோ யோஸ்ட். எப்போது தாண்டினான், நான் எங்கே பார்த்துக்கொண்டிருந்தேன், வலதுபக்கத்தான் பெனால்டிப் பெட்டிக்குள் நுழைந்துவிட்டான், யோஸ்ட் பின்னால் ஓடுகிறான், கையை வைக்காதே, வைக்காதேடா, வைத்துவிட்டான். சட்டையைப் பிடித்து இழுத்தேவிட்டான். விசில். நடுவர் வெள்ளைப் புள்ளியைக் காட்டுகிறார். பெனால்டி. இரண்டாவது மஞ்சளும் சேர்ந்து வர, யோஸ்ட் அழுதுகொண்டே என் பக்கமாக நடந்து வருகிறான். நான் எடுத்திருக்க வேண்டும். பழைய காயம்தான், கெர்ரிட், நீங்கள் சரி. "மன்னித்துவிடுங்கள், ட்ரெய்னர்" என்கிறான். இல்லையடா, பிழை என்னுடையது என்று அவன் தலையைப் பிடித்து என் தோளில் சாய்க்கிறேன். அது உண்மைதான், அவனைத் தேற்றுவதற்காகச் சொல்லவில்லை. நேரம் முடிந்துவிட்டது, இதுதான் கடைசி உதை. கோல் ஆனால் முக்காலி. பந்து வெள்ளைப் புள்ளியில் இருக்கிறது, காற்று அதை உருட்ட, உதைக்கப்போகிற எதிரணிக்காரன் திரும்ப வைக்கிறான், திரும்ப உருளுகிறது. எங்கள் கோல் காப்பாளன் கோட்டில் நின்று கையுறையில் துப்புகிறான். படிகளில் ஒரு சத்தம் இல்லை. இவ்வளவு நேரம் சிவா, அதைச் செய் இதைச் செய் என்று கத்தினவர்கள் எல்லோரும் எங்கே? ஒருவரும் கூப்பிடவில்லை. அந்தக் கோப்பை ஆட்டத்தின் இரண்டாம் பாதி மாதிரி. எனக்கு அப்பா வேண்டும் போலிருக்கிறது, நாற்பது வயதுக்கு மேலே, கழுத்தில் விசிலைத் தொங்கவிட்டுக்கொண்டு, எனக்கு இந்த நிமிஷம் அப்பா வேண்டும். உதைக்கிறவன் பின்னால் நடக்கிறான். நிற்கிறான். ஓடத் தொடங்குகிறான்.

"சிவபாதசுந்தரம்!"

முழுசாக. ஓர் எழுத்தும் அக்குளுக்குள் போகாமல். என் முதுகுக்குப் பின்னாலிருந்து, கீச்சென்று, கடலணையில் மோதித் திரும்பி வந்தது அந்தச் சத்தம். நான் திரும்பிவிட்டேன். விரதம் போனது. அம்மா எழுந்து நிற்கிறார், பெட்டி காலடியில், அப்பாவின் நீலச் சட்டைக் கை மடிப்பு அவிழ்ந்து தொங்க, ஒரு கை மேலே உயர்ந்திருக்கிறது. எல்லாத் தலைகளும் அவர் பக்கம். ஆகவே பெனால்டியை நான் பார்க்கவில்லை. சத்தத்தை வைத்துத்தான் தெரிந்துகொண்டேன், முதலில் ஒரு பெருமூச்சு, பிறகு தூரத்தில் சளக் என்று வாய்க்கால். மேலே போய்விட்டது! கம்பத்துக்கு மேலே, வேலிக்கு மேலே, காற்றோடு போய்த் தண்ணீரில். எதிரணிப் பயிற்றுநர் நடுவரிடம் கைகளை விரிக்கிறார். நடுவர் என்னிடம் ஓடி வருகிறார். "அந்த அம்மா என்ன கத்தினார்?" "ஒரு பெயர்" என்கிறேன். "இவ்வளவு நீளமா?" "எங்களிடம் இப்படித்தான்." அவர் தோளைக் குலுக்கிவிட்டு வாய்க்கால் பக்கம் பார்க்கிறார். அங்கே கெர்ரிட், வாழ்க்கையில் முதல் தடவையாக, கம்பைக் கீழே வைத்துவிட்டு நிதானமாகச் சப்பாத்து நூல் கட்டிக்கொண்டிருக்கிறார். நடுவர் கைக்கடிகாரத்தைப் பார்த்து, இனிப் போதும் என்று கடைசி விசிலை ஊதிவிடுகிறார்.

யார் யாரோ என் மேல் விழுகிறார்கள், யோஸ்ட் என் காதுக்குள் ஏதோ கத்துகிறான், படிகளில் சிவா, சிவா என்று திரும்பவும் கிளம்பிவிட்டது. எல்லாரையும் விலக்கிக்கொண்டு அம்மாவிடம் போகிறேன். மாரெய்கேயின் இரண்டு கையிலும் றோல்ஸ், மூன்றாவதை அம்மா அவளுடைய சட்டைப் பைக்குள் திணிக்கிறார். "அடுத்த பருவம் பற்றிச் செவ்வாய்க்கிழமை பேசலாம், சிவா" என்கிறாள் வாய் நிறைந்து. சந்தோஷத்தில் எனக்குக் கால் நிலத்தில் இல்லை, ஆனாலும் கேட்க வேண்டியது வேறு இருக்கிறது.

"அம்மா, பேரைச் சொல்லிப் போட்டீங்கள்."

"சொன்னனான்தான்."

"என்னைக் கூப்பிடுறதெண்டால் ஐங்கரன் எண்டு கூப்பிட்டிருக்கலாமே."

"உன்னை ஆரடா கூப்பிட்டது?" அம்மா அவிழ்ந்த கையை மடித்துவிட்டுக்கொள்கிறார். "பிள்ளை தனிய நிக்குது, கெதியா வந்து நில்லுங்கோ எண்டு அவரைக் கூப்பிட்டனான். இவ்வளவு சனத்துக்குள்ள இஞ்சருங்கோ எண்டால் அவருக்கு விளங்குமே?"